நீல வெளிச்சத்தின் ஐந்து நிமிடம்

ஃபால்ஸ் சீலிங் போடும்போதே ஓரத்தில் எல்.இ.டி. ஸ்ட்ரிப் ஓட்டி, கையில் ஒரு ரிமோட்டையும் கொடுத்துவிடுகிறார்கள். நீலம் போட்டால் மனம் அமைதியாகும், சிவப்பு சுறுசுறுப்பு தரும், பச்சை களைப்பைப் போக்கும் என்று ஒரு பட்டியலும் கூடவே வரும். அதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

நீலத்துக்குக் கொஞ்சம் ஆதாரம் உண்டு. ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். 12 பேரை முதலில் வேண்டுமென்றே பதற்றப்பட வைத்தார்கள். பிறகு ஒரு குழுவை நீல வெளிச்சத்திலும் இன்னொரு குழுவை வழக்கமான வெள்ளை வெளிச்சத்திலும் ஓய்வெடுக்கச் சொல்லி, மூளையின் மின் அலைகளையும் இதயத் துடிப்பையும் பதிவு செய்தார்கள். வெள்ளையில் படபடப்பு தணிய சுமார் 3.5 நிமிடம் ஆனது. நீலத்தில் 1.1 நிமிடம்.

மூன்று மடங்கு வேகம்! விளம்பரத்துக்கு இது போதும். ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு தகவலும் இருக்கிறது. மூன்றரை முதல் ஐந்து நிமிடம் கடந்ததும் நீலத்துக்கு இருந்த அந்தச் சாதகம் மறைந்துவிட்டது. சீக்கிரம் போய்ச் சேர்ந்தார்கள், அவ்வளவுதான். சேர்ந்த இடம் ஒன்றே. 12 பேரை வைத்து ஊருக்கே விதி எழுதவும் முடியாது. ஆய்வாளர்களே இதை முதற்கட்ட முயற்சி என்றுதான் குறிப்பிட்டார்கள்.

இப்படிச் சிறிய முடிவைப் பெரிதாக நம்பி ஏமாந்த கதை ஏற்கெனவே உண்டு. 1979-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரக் கடற்படைச் சிறையில் ஓர் அறைக்கு இளஞ்சிவப்பு வண்ணம் அடித்தார்கள். கைதிகளின் மூர்க்கம் குறைந்தது என்றார்கள். வேறு பல சிறைகளும் அதையே பூசின. சுவிட்சர்லாந்துச் சிறை ஒன்றில் முறையாகச் சோதித்து 2015-இல் வெளியிட்டபோது, அப்படி ஒரு விளைவே தென்படவில்லை.

வெளிச்சம் உடலைத் தொடும் உறுதியான வழி வேறு. நம் விழித்திரையில், உருவம் பார்ப்பதற்கான செல்களைத் தவிர, மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட செல்களும் சில இருக்கின்றன. 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளியால் இவை மிக நன்றாகத் தூண்டப்படும். உடனே மூளையில் இருக்கும் உடல் கடிகாரத்துக்கு ‘இது பகல்’ என்று செய்தி போகும். உறக்கத்துக்கு ஆயத்தப்படுத்தும் மெலடோனின் சுரப்பது குறையும். சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் ஐந்து நிமிடம் நீல விளக்கில் உட்காரலாம், தப்பில்லை. அதே விளக்கைப் பளிச்சென்று எரியவிட்டு ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்தால் தூக்கம்தான் தள்ளிப்போகும். சரியாகத் தூங்காதவனுக்கு மறுநாள் எந்த நிற விளக்கும் உதவாது.

அதற்காக ரயில் ஸ்லீப்பர் கோச்சில் எரியும் நீல விளக்கைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. அது மிக மங்கல். நிறத்தைப் போலவே, சில நேரம் அதைவிடவும், வெளிச்சத்தின் அளவு முக்கியம்.

வீடுகளில் உண்மையான நீலம் ஒளிந்திருப்பது வெள்ளை ட்யூப் லைட்டில். எல்.இ.டி. வெள்ளை என்பது பெரும்பாலும் நீல ஒளி தரும் சிப்பின் மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் பூச்சு பூசிக் கிடைப்பது. அட்டைப் பெட்டியில் 6500கே என்று போட்டிருந்தால் நீலம் தூக்கல். 2700கே என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள் சாயல். புதிதாகக் கலர் விளக்கு வாங்கும் முன், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஹால் ட்யூப் லைட்டை அணைத்துவிட்டு, மூலையில் ஒரு 2700கே பல்பை மட்டும், கண்ணில் நேரே படாத உயரத்தில் எரியவிட்டுப் பாருங்கள். அதற்கு ரிமோட் தேவையில்லை. செலவும் ஒரு பல்பின் விலைதான்.