திங்கட்கிழமைக் கடன்

திங்கட்கிழமை காலை பத்து மணியாகிவிட்டால் மருதமுனையில் எனக்குத் தெரிந்த ஒரு சகோதரியின் வீட்டில் தறிச் சத்தம் நின்றுவிடும். முன்வாசல் கதவு சாத்தப்படும். சின்ன மகளை மாமி அடுப்படிக்குள் வைத்துக்கொண்டு, "சத்தம் போடாத மகள்" என்பார். சற்று நேரத்தில் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும். லோன்காரத் தம்பி வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். உள்ளே ஆள் இருப்பது அவருக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும்.

இது 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நடந்தது. அந்த வருடம் நம் வீடுகள் பட்ட பாட்டைச் சொல்லத் தேவையில்லை. நூலும் சாயமும் விலையேறின. நெய்த சாறனையும் சாரியையும் வாங்க ஆளில்லை. கணவர் கட்டாரில் சாரதி. அவர் அனுப்பும் காசு வீட்டுச் சாமானுக்கே போதவில்லை. அதற்கு முன், ஜனவரியில், இந்தச் சகோதரி ஒரு நுண்கடன் கம்பனியில் 50,000 ரூபா எடுத்திருந்தார். கிழமைக்கு 1,250 ரூபா வீதம் 52 கிழமை. ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை. கணவருக்கு இது தெரியாது. 20 கிழமை ஒழுங்காகக் கட்டினார். அதன்பின் ஏழு கிழமை கட்ட முடியவில்லை.

அந்தக் கணக்கை முதலில் பார்ப்போம். கம்பனி சொன்ன வட்டி 30 சதவீதம். 50,000க்கு 15,000 வட்டி, மொத்தம் 65,000. கேட்கும்போது சரியாகத்தான் தோன்றும். ஆனால் 50,000 ரூபா வருடம் முழுதும் நம் கையில் இருப்பதில்லையே! முதற் கிழமையிலிருந்தே திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறோம். சராசரியாகப் பார்த்தால் பாதியை விடச் சற்றுக் கூடிய தொகையைத்தான் நாம் வைத்திருக்கிறோம். வட்டியோ முழுத் தொகைக்கும் போடப்படுகிறது. குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி கணக்கிடும் முறையில் பார்த்தால் இது வருடத்துக்கு ஏறக்குறைய 54 சதவீதம். அந்தச் சகோதரிக்கு ஆவணச் செலவு, காப்புறுதி என்று 2,000 ரூபாவைக் கழித்து 48,000தான் கையில் கொடுத்தார்கள். அதையும் சேர்த்தால் 63 சதவீதமாகிறது. ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் எத்தனை பேருக்கு இது சொல்லப்படுகிறது?

இந்த நிலை மருதமுனையில் மட்டுமா? 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் ஒருவர், நுண்கடனுக்கு 40 முதல் 220 சதவீதம் வரை வட்டி அறவிடப்படுவதையும், காசு சேகரிக்க வருவோரால் பெண்கள் அவமானத்துக்கும் தகாத வற்புறுத்தலுக்கும் ஆளாவதையும் பகிரங்கமாகச் சொன்னார். அதே வருடம் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நிலுவைக் கடன்களுக்கு அரசாங்கம் ஒரு முறை நிவாரணம் கொடுத்தது. 2021 மார்ச் 8ஆம் திகதி, மகளிர் தினத்தன்று, பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் தொடங்கி, வாரக்கணக்கில் அங்கேயே இருந்தார்கள். கடன் தாங்காமல் உயிரை மாய்த்த பெண்களின் கதைகளையும் நாடு கேட்டது.

வட்டி ஹராம் என்பது நம் வீடுகளில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். அந்தச் சகோதரிக்கும் தெரியும். அதனால்தான் அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. வட்டிக்கு எடுத்தாயா என்ற ஒரு கேள்விக்குப் பயந்து, கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க மகளின் தோடு என்று போகும் வீடுகளை நாம் கண்டிருக்கிறோம். இவரும் இரண்டாவது கம்பனியின் படிவத்தை வாங்கி வைத்திருந்தார். அதை நிரப்பாமல் தடுத்தது அவருடைய மாமிதான். "முதல்ல மகனுக்குச் சொல்லு" என்றாராம். அன்றிரவு தொலைபேசியில் கணவருக்குச் சொல்லிவிட்டார். அவர் ஏசினார், இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "எவ்வளவு மிச்சம்?" என்று கேட்டார். என்னைக் கேட்டால், கம்பனியோடு பேசியதைவிட இதுதான் கஷ்டமான பேச்சு.

அடுத்து குழுவிலிருந்த நால்வர். இவருக்காக அவர்கள் இரண்டு தவணை போட்டுக் கட்டியிருந்தார்கள்; ஒருவர் கதைப்பதையே விட்டுவிட்டார். அவர்களை வீட்டுக்கு அழைத்து, அவர்கள் போட்ட 2,500 ரூபாவைச் சாறன் விற்று முதலில் திருப்பிக் கொடுத்தார். கொடுத்த பிறகு, "நாங்களும் உன்னோட வாறம்" என்று இருவர் முன்வந்தார்கள்.

பிறகு கணக்குக்கு உட்கார்ந்தார். தவணைப் புத்தகம், பற்றுச்சீட்டு, ஒப்பந்தத்தின் பிரதி எல்லாவற்றையும் பள்ளிக்கூடம் படிப்பிக்கும் காக்கா ஒருவரிடம் காட்டினார். கட்டியது குழுப் பெண்கள் போட்ட இரண்டு தவணை நீங்கலாக 20 கிழமைக்கு 25,000 ரூபா. அவர்களுடையதையும் சேர்த்தால் 27,500. மீதி 37,500. அதற்கு மேல் தாமதக் கட்டணமாக 2,600 ஏற்றியிருந்தார்கள். முன்பு அவர் மாதத்துக்கு 5,400 ரூபாவுக்கு மேல் கட்டிக்கொண்டிருந்தார். அரிசி, மா, மருந்து, பிள்ளைகளின் கொப்பி, தறிக்கு நூல் என்று எழுதிக் கழித்துப் பார்த்தால் மிஞ்சியது இரண்டாயிரத்துச் சொச்சம். நூலுக்கான காசைக் கழிக்காமல் கணக்குப் போடக்கூடாது என்று அந்தக் காக்கா சொன்னாராம். மிகச் சரியான பேச்சு! தறி நின்றால் தவணையும் நிற்கும்.

வாசலில் வந்து நிற்கும் தம்பிக்கு எதையும் குறைக்க அதிகாரமில்லை. அவரும் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். ஆகவே கிளை முகாமையாளரிடமே போனார்கள்: அவர், மாமி, குழுப் பெண்கள் இருவர். கையில் தமிழில் எழுதிய ஒரு கடிதம், இரண்டு பிரதி. கடன் வாங்கியதை மறுக்கவில்லை, வருமானம் இவ்வளவு, மாதம் 2,000 ரூபா கட்ட முடியும், தாமதக் கட்டணத்தை நீக்கித் தர வேண்டும், பதிலை எழுத்தில் தர வேண்டும் என்று அதில் இருந்தது. ஒரு பிரதியில் திகதியிட்டு முத்திரை குத்தித் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

முகாமையாளர் முதலில் சொன்னது, "புதிய லோன் ஒன்று தாறம், பழையதை அதில் கழிச்சிடுவம்" என்பது. கேட்க உதவி போலத் தோன்றும் இந்த வார்த்தையில்தான் பலர் விழுகிறார்கள். பழைய வட்டி புதிய முதலாகிவிடும். அதற்கு மேல் மறுபடி வட்டி. அவர் சம்மதிக்கவில்லை. பிறகு மாதம் 4,000 என்றார். பொலிசுக்குக் கொடுப்போம் என்றும் ஒரு வார்த்தை வந்தது.

"சேர், நான் தரமாட்டன் எண்டு சொல்லல்ல. இந்தக் கணக்குக்கு ஏலாது எண்டுதான் சொல்றன். நாலாயிரம் எண்டு கையெழுத்து வெச்சிட்டு ரெண்டாம் மாசம் ஒளிக்க எனக்கு ஏலாது" என்றாராம்.

கடனைக் கட்ட முடியாமற்போவது மட்டும் குற்றமல்ல. அது சிவில் விவகாரம். பொலிஸ் பிடித்துப் போகும் என்று வீட்டு வாசலில் சொல்வது பெரும்பாலும் வெருட்டல்தான். காசோலை கொடுத்து அது திரும்பியிருந்தால் விடயம் வேறு. அதனால்தான் வெற்றுக் காசோலையிலோ வெற்றுத் தாளிலோ ஒருபோதும் கையொப்பமிடக் கூடாது. சம்பளம் விழும் வங்கி அட்டையையும் அதன் இரகசிய இலக்கத்தையும் வட்டிக்காரரிடம் ஈடாகக் கொடுத்துவிட்டு, மாதக் கடைசியில் அவர் எடுத்தது போக மிச்சத்தை வாங்கும் பெண்களும் இருக்கிறார்கள். இவர்கள் முதலில் செய்ய வேண்டியது வங்கிக்குப் போய் அந்த அட்டையை நிறுத்திப் புதியது எடுப்பது; கடனைப் பற்றிப் பேசுவது அதற்குப் பிறகு.

இரண்டாவது தடவை போனபோது முடிவு வந்தது. மாதம் 2,500 ரூபா, பதினைந்து மாதம். மூன்று மாதம் தவறாமல் கட்டினால் தாமதக் கட்டணம் நீக்கப்படும். வீட்டுக்கு ஆள் வராது, கிளையில் கட்டினால் போதும். இவர் கேட்டதைவிட 500 கூட. அவர்கள் கேட்டதைவிட 1,500 குறைவு. எல்லாம் எழுத்தில். அந்தத் தாள் கைக்கு வரும்வரை ஒரு சதமும் கொடுக்கவில்லை என்பதைப் பெருமையாகவே சொன்னார்.

எல்லாக் கம்பனியும் இப்படி இறங்கிவரும் என்றில்லை. மத்திய வங்கியின் கண்காணிப்பிலுள்ள நிறுவனமானால், அதன் நிதிசார் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 இலக்கத்தில் முறையிடலாம். முன்பு கொடுத்த கடிதத்தின் முத்திரை குத்திய பிரதி அப்போதுதான் உதவும். சட்ட ஆலோசனைக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வசதி குறைந்தவர்களுக்காகவே 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்டது. ஊர் மத்தியஸ்த சபையும் சிறிய கடன் பிணக்குகளைக் கேட்கிறது. காணி உறுதியை ஈடு வைத்தவர்களுக்குக் கொழும்பிலுள்ள கடன் இணக்கச் சபை என்று தனியாக ஒன்று உண்டு.

இன்னொரு கதவும் நமக்கு இருக்கிறது. ஸக்காத் பெறத் தகுதியான எட்டுப் பிரிவினரில் கடனில் அகப்பட்டவர்களும் ஒரு பிரிவினர் என்பது அத்தவ்பா அத்தியாயத்தில் தெளிவாக இருக்கிறது. கஷ்டத்திலிருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படி அல்பகரா சொல்கிறது. றமழானில் அரிசிப் பொதியோடு வாசலுக்கு வரும் நமது பள்ளிவாசல் நிருவாகத்தினர், இந்த வீட்டில் யாருக்கும் கடன் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன? பெண்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள். ஒரு ஆலிமின் மனைவியோ ஆசிரியையோ கேட்டால் சொல்வார்கள்.

கடைசித் தவணை 2023 நவம்பரில் கட்டப்பட்டது. கணக்கு மூடப்பட்டதாக ஒரு கடிதம் வேண்டும் என்று கேட்டதற்கு, "பற்றுச்சீட்டுப் போதும்தானே" என்றார்களாம். விடவில்லை, இரண்டு முறை நடந்து அதையும் வாங்கிவிட்டார். கடன் தகவல் பணியகத்தில் பழைய நிலுவை அப்படியே கிடந்து, பின்னொரு நாள் மகன் பெயரில் வேறு தேவைக்குப் போகும்போது தன்னைப் பிணையாக ஏற்காமற்போகக் கூடாது என்பது அவர் நினைப்பு. அந்தக் கடிதம் இப்போது காணி உறுதியோடும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடும் அலுமாரிக்குள் இருக்கிறது. நான் போனது ஒரு திங்கட்கிழமை, பத்து மணி கழிந்திருந்தது. தறிச் சத்தத்தில் நான் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை.