பொறியியல் மாணவருக்கு மார்க்கெட்டிங் பாடம் எதற்கு?

காஜாங் - பொறியியல் படிக்கும் பிள்ளை, “இந்த செமஸ்டரில் மார்க்கெட்டிங் பாடம் எடுக்கப் போகிறேன்” என்று சொன்னால் பெற்றோருக்குக் குழப்பம் வருவது இயல்பே. பி.டி.பி.டி.என். கடன் எடுத்துப் படிக்க வைப்பது சாமான் விற்கவா என்று தோட்டத்திலும் கேட்பார்கள், தாமானிலும் கேட்பார்கள்.

காஜாங் வட்டாரத்தில் இந்தக் கேள்வி அடிக்கடி எழக்கூடியதே. யூனிடென், சுங்கை லோங்கில் யூடார், செமினியில் நாட்டிங்ஹாம், பக்கத்தில் பாங்கியில் யூ.கே.எம். என்று பொறியியல் கற்பிக்கும் பல்கலைக்கழகங்கள் இங்கே நெருக்கமாக உள்ளன. சுங்கை லோங்கில் பொறியியல் புலமும் கணக்கியல், நிர்வாகப் புலமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன.

மார்க்கெட்டிங் என்றால் வீடு வீடாகப் போய் விற்பது மட்டும் அல்ல. ஒரு பொருள் யாருக்குத் தேவை, அவரால் எவ்வளவு கொடுக்க முடியும், வீட்டில் முடிவெடுப்பவர் யார் என்பதைத் தெரிந்துகொள்வதே அதன் அடிப்படை.

கூரை சோலாரை எடுத்துக்கொள்வோம். 2016 நவம்பரில் நெம் திட்டம் தொடங்கியபின் இத்துறையில் பட்டதாரிகளுக்கு வேலை கூடியது. ஐந்து கிலோவாட் சோலார் நம் வெயிலில் மாதம் ஏறத்தாழ 500 முதல் 600 யூனிட் மின்சாரம் தரும். இன்வெர்ட்டர், தகட்டின் சாய்வு, கம்பியின் தடிமன் எல்லாம் பொறியாளருக்குத் தெரியும். ஆனால், மாதம் 200 யூனிட் மட்டுமே பயன்படுத்தும் ஓய்வுபெற்ற தம்பதிக்கு அது தேவையா? ஓராண்டு மின் கட்டண ரசீதுகளைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது, பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று விசாரிப்பது, வீட்டை விற்கும் எண்ணம் உண்டா என்று அறிவது எல்லாம் மார்க்கெட்டிங் வகுப்பு கற்றுத் தரும் பழக்கம். தெரியாதவர் பெரியதாக விற்றுவிடுவார். பிறகு கடனைக் கட்டப் போவது அந்தக் குடும்பம்தான்.

பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியதுண்டு. 1975-இல் கோடாக் பொறியாளர் ஸ்டீவன் சாசன் டிஜிட்டல் கேமராவை உருவாக்கினார். படத்தைத் தொலைக்காட்சித் திரையில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று மேலிடம் சந்தேகப்பட்டது. பிலிம் வியாபாரத்தை நம்பியிருந்த அந்நிறுவனம் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கோரியது.

அதற்காகப் பொறியியலை விட்டு மார்க்கெட்டிங்கிற்கு மாறச் சொல்லவில்லை. மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியாளராகப் பதிய அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டம் வேண்டும். மலேசியா 2009-இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானதால், அந்தப் பட்டத்திற்கு வெளிநாட்டிலும் மதிப்புண்டு. அங்கீகாரத் தகுதிகளில் தொடர்பாற்றலும் திட்ட நிர்வாகமும் நிதியும் உள்ளன. மார்க்கெட்டிங் என்று தனியாக இல்லை.

ஆகவே ஒரு பாடம் போதும் என்பது என் கருத்து. விற்பனைப் பொறியாளராகவோ சொந்தக் குத்தகையாளராகவோ வர நினைப்பவருக்கு அது நிச்சயம் உதவும். வடிவமைப்பு, ஆராய்ச்சிப் பக்கம் போகிறவருக்குப் பயன் குறைவு. கணிதத்தில் தடுமாறுபவர் முதலில் அதைக் கவனிக்கட்டும்.

இன்னொன்று, நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் சரளமாக வரும். வாடிக்கையாளரிடம் பேசும் வேலைக்கு அது பெரிய பலம். அதை ஏனோ விண்ணப்பத்தின் கடைசி வரியில் எழுதுகிறார்கள்!

பாடப் பதிவுக்கு முன் கல்வி ஆலோசகரிடம் இரண்டைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பாடத்தின் கிரெடிட் பட்டத்திற்குச் சேருமா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா?