காந்தத்தில் விழுந்த பிடி

2025 ஏப்ரல் 2-ஆம் தேதி அமெரிக்க அதிபர் டிரம்ப் பெரும்பாலான உலக நாடுகளுக்குப் புதிய இறக்குமதி வரிகளை அறிவித்தார். இரண்டே நாளில் பெய்ஜிங் திருப்பி அடித்தது. வரிக்கு வரி போட்டதோடு நிற்கவில்லை. சமேரியம், டிஸ்ப்ரோசியம் உள்ளிட்ட ஏழு அரிய மண் தனிமங்களும், அவற்றாலான காந்தங்களும் இனி உரிமம் பெற்றுத்தான் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்றது. மே மாதத்தில் சிகாகோவின் ஃபோர்டு ஆலை காந்தத் தட்டுப்பாட்டால் ஒரு வாரம் மூடிக் கிடந்தது.

நியோடிமியம் காந்தம் சூடேறினால் வலுவிழக்கும். சில சதவீதம் டிஸ்ப்ரோசியம் சேர்த்தால் மின்சாரக் காரின் மோட்டார் கொதிப்பைத் தாங்கும். ஏவுகணைக்குள் இருக்கும் வெப்பத்துக்கு சமேரியம்-கோபால்ட் காந்தம்தான் ஈடுகொடுக்கும். ஒரு எஃப்-35 போர் விமானத்தில் 400 கிலோவுக்கு மேல் அரிய மண் தனிமங்கள் உண்டு. சீனாவை எதிர்கொள்ள நிறுத்தும் விமானத்துக்கே சீனச் சரக்கு வேண்டியிருக்கிறது!

மண்ணுக்குப் பஞ்சமில்லை. 1980-கள் வரை கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸ் சுரங்கம்தான் உலகில் முன்னணியில் இருந்தது. கஷ்டமெல்லாம் பிரிப்பதில்தான். அமிலத்தில் கரைத்து, கரைப்பானோடு கலக்கி, அடுக்கு பிரியவிட்டு, மறுபடியும் கலக்கி, இப்படி நூற்றுக்கணக்கான தொட்டிகளைத் தாண்டினால்தான் ஒரு தனிமம் தனியாக வரும். கூடவே தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவும் சேரும். அமெரிக்கா கைகழுவிய இந்த அழுக்கு வேலையைச் சீனா தோளில் ஏற்றுக்கொண்டது. அங்கே பாவ்டோ நகரைச் சுற்றியிருந்த கிராமங்கள் நிலத்தடி நீரையும் விளைநிலத்தையும் பறிகொடுத்தன. வல்லரசுகளின் லாப நஷ்டக் கணக்கில் அந்த விவசாயிகளுக்கு இடமே இல்லை என்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நியோடிமியம் காந்தத்தைக் கண்டுபிடித்ததில் ஜெனரல் மோட்டார்ஸுக்கும் பங்குண்டு. அதற்கென்றே தொடங்கிய மேக்னிக்வென்ச் நிறுவனத்தை 1995-இல், சீன நிறுவனங்களும் இருந்த ஒரு கூட்டணிக்கு அது விற்றது. சில ஆண்டுகளில் இண்டியானா மாநில ஆலைகள் மூடப்பட்டு, உற்பத்தி சீனாவுக்குப் போனது. அன்று விற்றதைத்தான் இன்று பென்டகன் திரும்பக் கட்டப் பார்க்கிறது. 2025 ஜூலையில் மவுண்டன் பாஸை நடத்தும் எம்.பி. மெட்டீரியல்ஸில் 40 கோடி டாலர் போட்டு, அதன் நியோடிமியச் சரக்குக்குக் கிலோவுக்கு 110 டாலர் குறைந்தபட்ச விலைக்கும் உத்தரவாதம் தந்தது. சுதந்திரச் சந்தை பேசிய நாடு, நெல்லுக்கு ஆதார விலை தருவதுபோல் உலோகத்துக்கு விலை நிர்ணயிக்கிறது. அதைத் தவறென்று சொல்லமாட்டேன். முப்பது ஆண்டு தாமதம் என்பேன்.

இந்தியாவும் 2025 நவம்பரில் காந்த உற்பத்திக்கு 7,280 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அதற்கான தனிமங்கள் கலந்த மோனசைட் மணல் கன்னியாகுமரிக் கடற்கரையிலும் இருக்கிறது. அங்கே கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தைக் கடலோர மக்கள் எதிர்க்கிறார்கள். கதிர்வீச்சும் புற்றுநோயும்தான் அவர்களுடைய பயம். தோண்டும் முன் அவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.