பத்து கிலோமீட்டருக்கு ஒரு ஓ.டி. சீட்டு

குப்பத்தைத் தாண்டி பெங்களூரு போகும் ரயிலில் அடுத்த நிலையம் குடுபல்லி. ஆந்திராவின் சித்தூர் மாவட்டம்தான், ஆனால் தமிழ்நாடும் கர்நாடகமும் கூப்பிடு தூரம். டீக்கடையில் ஒரே பேச்சுக்குள் மூன்று மொழியும் வந்து போகும். ஏறத்தாழ 2,200 அடி உயரம் என்பதால் மார்கழி விடியலில் நல்ல குளிர் உண்டு. ஏரிக்கரை, மாந்தோப்பு, மல்பெரித் தோட்டம், கேழ்வரகுக் கொல்லை, இவற்றுக்கு நடுவே மேடும் பள்ளமுமாக மண் தடம். நெடுந்தூரம் ஓடுகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல இடத்தை எந்த அரசாங்கமும் கட்டித்தர முடியாது.

தடம் அப்படியேதான் கிடக்கிறது. அதில் பிள்ளைகளை ஓடவைக்கும் கல்லூரி பி.டி. சாரின் வேலைதான் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. அதை மாற்றியது ஷூவோ வாட்சோ இல்லை, பரீட்சை அட்டவணை என்பது என் கட்சி.

தென்னிந்தியாவில் இந்த வேலைக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் ஓர் அமெரிக்கர். ஹாரி குரோ பக் 1919இல் மதராசுக்கு வந்தார். அடுத்த ஆண்டே ஒய்.எம்.சி.ஏ. சார்பில் உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் பின்னாளில் நந்தனத்தில் நிலைகொண்ட உடற்கல்விக் கல்லூரி. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியுடன் பக்கும் போனார். அந்த ஒலிம்பிக்கில்தான், மேடும் பள்ளமுமான மண் தடத்தில் ஓடும் கிராஸ் கன்ட்ரிக்குக் கடைசி நாள் வந்தது. கொளுத்தும் வெயிலில் ஓடத் தொடங்கிய 38 பேரில் முடித்தவர்கள் 15 பேர்தான். பாவோ நுர்மி மட்டும் ஒன்றும் நடக்காதவர்போல முதலாவதாக வந்தார். அதோடு அந்தப் போட்டியையே ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். பதக்கத்தின் மினுக்கம் போன பிறகும் அதைக் காப்பாற்றி வைத்தவர்கள் கல்லூரிகளும் பட்டாளமும்தான்.

பக் 1943இல் இறக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தது, விளையாட்டு படிப்புக்கு இடைஞ்சல் அல்ல, படிப்பின் ஒரு பகுதி என்பது. அவருடைய கல்லூரியில் பயின்றவர்கள் தெற்கே ஊர் ஊராகப் போய் பி.டி. சார் ஆனார்கள். ஆனால் அவர் பேச்சைக் கணக்கு வாத்தியார்கள் எந்தக் காலத்திலும் முழுசாக நம்பவில்லை. அது வேறு கதை.

அந்தக் கால பி.டி. சாருக்கு இல்லாத பொருள்தான் அதிகம். பையன் காலில் வெள்ளை கேன்வாஸ் ஷூ இருந்தால் பெரிசு. ஷிவ்நாத் சிங் போன்றவர்கள் வெறுங்காலிலேயே ஓடினார்கள். 1978இல் அவர் மாரத்தானை 2 மணி 12 நிமிடத்தில் முடித்த சாதனை நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் அசையவில்லை. விசில், ஒரு ஸ்டாப்வாட்ச், காலையில் ராகிக் களி, கையில் ஒரு பிடி வேர்க்கடலை. பஸ் காசுக்கு முதல்வரிடம் நிற்க வேண்டும். ‘ஓடினா சோறு போடுமா?’ என்று கேட்கும் அப்பாவிடம் வயலுக்கே போய்ப் பேச வேண்டும்.

ஆனால் அவரிடம் ஒன்று தாராளமாக இருந்தது: காலம். ஜூனில் கல்லூரி திறந்தால் பரீட்சை மார்ச், ஏப்ரலில்தான். ஆடி, ஆவணியில் மெதுவாக நீண்ட ஓட்டம். ஐப்பசியில் மேடு ஏறி இறங்கும் பயிற்சி. டிசம்பரில் போட்டி. பொங்கல் முடிந்ததும் ஷூவைக் கட்டிவைத்துவிட்டுப் புத்தகத்தை எடுக்கலாம். நெடுந்தூர ஓட்டத்துக்கான உடம்பு இப்படித்தான் வளரும். இதயமும் காலும் மாதக்கணக்கில் பழக வேண்டும். இரண்டு மூன்று வாரம் முழுசாக விட்டாலே சேர்த்த தெம்பு கரையத் தொடங்கிவிடும்.

2015-16இல் ஆந்திரப் பட்டக் கல்லூரிகளுக்கு செமஸ்டர் வந்தது. தமிழ்நாட்டில் செமஸ்டர் முறை கொண்ட தன்னாட்சிக் கல்லூரிகள் 1978 முதலே வந்தவை, ஆகவே நம்மூர் பி.டி. சார்கள் பலர் இந்தக் கஷ்டத்தை முன்பே பார்த்தவர்கள். முதல் செமஸ்டர் பரீட்சை நவம்பர், டிசம்பரையொட்டி வந்து நிற்கிறது. ஓட்டக்காரர் உச்சத்துக்கு வரவேண்டிய அதே வாரங்கள். அதற்கு முன்னால் இன்டர்னல், அசைன்மென்ட், பிராக்டிகல். சரி, கோடை விடுமுறையில் முகாம் போட்டு ஈடுகட்டலாம் என்றால், 2020-21இல் வந்த மாற்றம் அதையும் எடுத்துக்கொண்டது. பட்டப் படிப்புக்குள் மொத்தம் பத்து மாத இன்டர்ன்ஷிப் கட்டாயமானது. முதலாம் ஆண்டுக் கோடையில் சமூக சேவை புராஜெக்ட், இரண்டாம் ஆண்டுக் கோடையில் குறுகிய இன்டர்ன்ஷிப். பிள்ளைகளுக்கு வேலை கிடைக்க உதவும் ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் திட்டமிட்டவர்களில் ஒருவராவது ஒரு வருடம் தொடர்ந்து ஓடிப் பார்த்தவரா என்பது சந்தேகம்.

இதனால்தான் இன்றைய பி.டி. சார் விசிலைவிடப் பேனாவைத்தான் அதிகம் பிடிக்கிறார். 75 சதவீத வருகைப் பதிவு காக்க ஓ.டி. (ஆன் டியூட்டி) சீட்டு, துறைத் தலைவருக்குக் கடிதம், விட்டுப்போன இன்டர்னலைத் திரும்ப வைக்கச் சொல்லிக் கெஞ்சல். போட்டிக்குப் போய்வந்த பையனுக்கு அரியர் விழுந்தால் பழி அவர்மேல்தான். பல்கலைக்கழகமோ திருப்பதியில் இருக்கிறது. 1954இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் குடுபல்லிக்குப் பக்கமாக எப்போதும் இருந்ததில்லை. பெங்களூருதான் கிட்டம். 2022 ஏப்ரலில் மாவட்டம் பிரிந்தபின் திருப்பதி வேறு மாவட்டமாகவும் ஆகிவிட்டது.

படிப்பையும் ஓட்டத்தையும் ஒருசேரத் தூக்க வேண்டியவர் மாணவர் மட்டும் என்று நினைத்தால் தப்பு. யு.ஜி.சி.யின் 2018 விதிகளின்படி கல்லூரி உடற்கல்வி இயக்குநர் ஆக முதுகலையில் 55 சதவீதமும், நெட் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ வேண்டும். பதவி உயர்வென்றால் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். அதோடு உடல்தகுதித் தேர்வும் உண்டு: முப்பது வயதுக்குட்பட்ட ஆண் 12 நிமிடத்தில் 1,800 மீட்டர் ஓடவோ நடக்கவோ வேண்டும். அவர் பழக்கும் நல்ல பையன் அதே தூரத்தை ஆறு நிமிடத்துக்குள் முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பான். கட்டுரை எழுதும் நெருக்கடியில் விடியற்காலை ஐந்து மணிக்குக் களத்துக்கு வரும் சார் இன்னும் இருக்கிறார் என்றால் அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

கல்லூரிக்கு வெளியே இழுக்கும் கை இன்னும் வலுவானது. இந்தப் பக்கத்துச் சாலைகளில் விடியலில் ஓடும் பையன்களில் பலர் கண் வைத்திருப்பது பல்கலைக்கழகப் பதக்கத்தின்மேல் அல்ல, போலீஸ், ராணுவத் தேர்வின் 1,600 மீட்டர்மேல். நாட்டின் பெரிய ஓட்டக்காரர்களும் அங்கிருந்துதான் வருகிறார்கள். பட்டாளத்தில் சேர்ந்து கிராஸ் கன்ட்ரியில் தொடங்கிய அவினாஷ் சாப்ளே 2022 காமன்வெல்த் போட்டியில் ஸ்டீபிள்சேஸ் வெள்ளி வென்றார். 2025இல் 5,000 மீட்டரை 13 நிமிடத்துக்குள் ஓடிய முதல் இந்தியர் குல்வீர் சிங்கும் ராணுவத்துக்காரர். 2017 ஆசியத் தடகளப் போட்டியில் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம் வாங்கிய நம் புதுக்கோட்டை லட்சுமணனும் அப்படியே. பி.டி. சார் இரண்டு வருடம் பழக்கிய பையன் மூன்றாம் வருடம் சீருடை போட்டுப் போய்விட்டால் அவர் வருத்தப்பட முடியாது. அந்த வீட்டில் அன்றைக்குத்தான் அடுப்பு நிம்மதியாக எரியும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் பழைய காலத்தைப் புகழ எனக்கு மனமில்லை. 1973இல் உலக கிராஸ் கன்ட்ரியில் பெண்களுக்கென்று முதலில் வைத்த தூரம் சுமார் 4 கிலோமீட்டர். 2017 முதல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே 10 கிலோமீட்டர். முன்பெல்லாம் கல்லூரிப் பெண் டிராக் பேன்ட் போட்டு ஏரிக்கரையில் ஓடினால் ஊரே வேலையை விட்டுப் பார்க்கும்.

படிப்பையும் ஓட்டத்தையும் சேர்த்து ஓட்டிக் காட்டியவர் உலகில் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் கொலராடோவில் 7,500 அடி உயரத்து அலமோசா என்ற சிற்றூர். அங்குள்ள ஆடம்ஸ் ஸ்டேட் கல்லூரியில் ஜோ விஹில் 1993 வரை பயிற்சியாளராக இருந்தார், 19 தேசிய அணிப் பட்டங்கள் வாங்கிக் கொடுத்தார். உடற்பயிற்சி உடலியலில் முனைவர். காலையில் ஓடவைத்துவிட்டு, அந்த ஓட்டம் உடம்புக்குள் என்ன செய்தது என்பதை வகுப்பில் பாடமாகச் சொல்பவர். அங்கே கிராஸ் கன்ட்ரி அணிப் போட்டியில் முதல் ஐவரின் இடங்களைக் கூட்டுவார்கள், குறைந்த தொகைக்கு வெற்றி. 1992இல் அவர் பையன்கள் முதல் ஐந்து இடத்தையும் பிடித்தார்கள்: ஒன்று முதல் ஐந்து வரை கூட்டினால் 15. அதற்குக் கீழே போகவே முடியாது. பின்னாளில் அவரிடம் பழகிய டீனா காஸ்டர் 2004 ஏதென்ஸ் மாரத்தானில் வெண்கலம் வாங்கினார். விஹில் 2025இல், 95ஆம் வயதில் காலமானார். அதே ஆண்டு அங்கே பெரிய கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்று நீதிமன்றத்தில் உடன்பாடு ஆனது, அந்த வழிக்குப் போகும் கல்லூரிகளில் கிராஸ் கன்ட்ரி அணிக்கு 17 பேர்தான் என்று வரம்பும் வந்தது. தாமதமாக மலர்கிற சுமாரான பையனுக்கு இடம் தேடுவது அங்கேயும் இனிச் சிரமம்தான்.

இங்கே வரம்பு போட ஆள் வேண்டியதில்லை, அட்டவணையே போட்டுவிடுகிறது. சர்வதேச விதிப்படி ஆறு பேர் ஓடினால் நால்வரின் இடம் கணக்கில் வரும். நாலே பேர் தேறும் கல்லூரியில் நான்காவது பையனுக்கு அன்றைக்குக் கெமிஸ்ட்ரி பிராக்டிகல் என்றால், மற்ற மூவரும் முதல் மூன்று இடத்தில் வந்தாலும் அணிக் கணக்கில் அந்தக் கல்லூரி இல்லை. தேர்வுத் தேதியும் போட்டித் தேதியும் போடுவது ஒரே பல்கலைக்கழகம்தான், வேறு வேறு அறையில். பி.டி. சார் முதலில் ஓட வேண்டியிருப்பது அந்த இரண்டு அறைகளுக்கு நடுவே.