கல்லடியில் வாழும் அரணை

“அரணை கடித்தால் மரணம்” என்று நம் நாட்டில் ஒரு வழக்கு உண்டு. எதுகை அழகாய் அமைந்திருக்கிறதே ஒழிய, அதில் உண்மை லவலேசமும் இல்லை. நம் தேசத்து அரணைகளில் விஷமுள்ளது ஒன்றுகூடக் கிடையாது. அது கடிக்க வந்து, வந்த காரியத்தை மறந்து போய்விடுமாம். அதனால்தான் மறதிக்காரர்களை ‘அரணை புத்தி’ என்று பரிகசிக்கிறோம். பாவம், நம்மைக் கடிக்கும் எண்ணமே அதற்கு ஒருநாளும் இருந்ததில்லை!

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை நிற்கிறது. அதன் அண்டையில் சித்தேரி மலை. வடக்கே ஜவ்வாது மலை. கிழக்கே சமவெளியில் செஞ்சிக் குன்றுகள். கோடையில் இலையுதிர்த்து, மழையில் தளிர்க்கும் காடுகள் இவை. இப்பக்கத்து மலைகளில் உதிர்ந்த சருகின் கீழும், கல்லின் அடியிலும், இளகிய மண்ணிலும் ஒரு சிறிய அரணை ஜாதி வசிக்கிறது.

வால் சேர்த்து அளந்தாலும் அது ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். எண்ணெய் பூசினாற் போன்ற வழவழப்பான செதில்கள்; மண்ணோடு மண்ணாய்த் தோன்றும் பழுப்பு நிறம்; குட்டையான நான்கு கால்கள். ஓடும்போது கால்களை உடலோடு ஒட்டிக்கொண்டு பாம்பைப் போல் நெளிந்து, கண்மூடித் திறப்பதற்குள் மண்ணில் புகுந்துவிடும். பகைவன் பிடித்தால் வாலைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தப்பும். வால் மறுபடி வளரும். கறையானும் சிறு பூச்சிகளும் அதற்கு ஆகாரம்.

வீட்டுத் தோட்டங்களில் நாம் காணும் புள்ளியரணை முட்டையிடும். அதன் குஞ்சுகளுக்குச் சிவந்த வால் உண்டு. மலையில் வாழும் இச்சிற்றரணையோ குட்டி போடுகிறது! பல்லி, அரணை வர்க்கத்தில் பெரும்பாலானவை முட்டையிடுபவை என்பதை நினைத்தால் இது விசேஷந்தான்.

இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஆர். ஸி. சர்மா, சித்தேரி மலையில் கிடைத்த அரணையைப் புதிய இனமென்று 1977-ல் உலகுக்கு அறிவித்தார். 2024-ல் ஈசான் அகர்வால், தேஜஸ் தாக்கரே, அக்ஷய் காண்டேகர் ஆகிய மூவர் மேலும் ஐந்து இனங்களை வெளியிட்டு, இப்பேரினத்துக்குத் ‘திராவிடோசெப்ஸ்’ என்று பெயரிட்டார்கள். செஞ்சி, ஜவ்வாது, களக்காடு, ஸ்ரீவில்லிபுத்தூர் என்னும் ஊர், மலைப் பெயர்களை நான்கு இனங்கள் தாங்குகின்றன. ஐந்தாவதற்கு நம் தமிழ்நாட்டின் பெயரே சூட்டப்பட்டது.

வெளித்தோற்றத்தில் இவை ஏறக்குறைய ஒன்றே. மரபணுவை ஆராய்ந்தபோதுதான் வேற்றுமை விளங்கிற்று. சருகு நிழலிலும் மண்ணின் ஈரத்திலும் வாழும் இப்பிராணி, சுடுகின்ற சமவெளியைக் கடந்து அடுத்த மலைக்குக் குடிபோவது எளிதன்று. ஆகவே நெடுங்காலம் தனித்தனியே வாழ்ந்து, தனித்தனி இனங்களாகிவிட்டன.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. கோடைத் தீயில் ஒரு குன்றின் சருகெல்லாம் எரிந்து, பாறைகளும் உடைபட்டுப் போனால், “அடுத்த மலையில் இருக்கிறதே” என்று நாம் ஆறுதல் கொள்ள முடியாது. அடுத்த மலையில் இருப்பது வேறோர் இனம். சிறு குன்றில் மட்டும் வாழும் இனத்துக்கு அக்குன்றே உலகம்.

மலைக்கு உலாவச் செல்லும் குடும்பத்தினர் குழந்தைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கலாம்: அரணையைக் கண்டால் அடிக்க வேண்டாம், கல்லைப் புரட்டிப் பார்த்தால், பார்த்த பின் மெதுவாக இருந்தபடியே வைத்துவிட வேண்டும். அது ஒரு பிராணியின் வீட்டுக் கூரை.