வாயை அடைத்தால் விரிசல் மூடுமா?

ஏவியது 1986 ஜனவரி 28, இடம், அமெரிக்காவின் புளோரிடாக் கடற்கரை, விண்ணோடம், 'சேலஞ்சர்'. 73 விநாடி! அவ்வளவுதான், தோழர்களே! வானிலே சிதறிற்று கலம், எழுவர் மாண்டனர். அவர்களில் ஒருவர் பள்ளி ஆசிரியை!

விதி என்பீரா? விசாரணை அப்படிச் சொல்லவில்லை. துணை ராக்கெட்டின் இணைப்பிலே இருந்த ரப்பர் வளையம் குளிரில் விறைத்தது. கொதிக்கும் வாயு கசிந்தது. எரிபொருள் தொட்டி உடைந்தது.

தெரியாமல் நேர்ந்ததா? இல்லை! முதல் நாள் இரவே, ராக்கெட் செய்த நிறுவனத்து எஞ்சினியர்கள், ரோஜர் பாய்ஸ்ஜாலி முதலானோர், "12 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே ஏவாதீர்" என்று எச்சரித்தனர். ஏவியபோது இருந்ததோ ஏறத்தாழ 2 டிகிரி!

நாசா அதிகாரிகள் சீறினர். நிறுவன மேலாளர்கள் மசிந்தனர். ஆபத்தில்லை என்பதற்கு ஆதாரம் கேட்க வேண்டியவர்கள், ஆபத்து என்பதற்கு ஆதாரம் கேட்டனர்! முந்தைய பயணங்களிலும் வளையம் கருகியதுண்டு, கலம் திரும்பிவிட்டது. தப்பியதைத் தகுதி என்று எண்ணினர், தலைமைப் பீடத்தார்!

பாடம் படித்தனரா? 2003 பிப்ரவரி 1 பதில் சொல்லும். ஏவும்போது கழன்ற நுரைத்துண்டு 'கொலம்பியா'வின் இடது இறக்கையைத் தாக்கியது. நுரை கழல்வதும் பழகிப்போன ஒன்றே! விண்ணிலிருக்கும்போதே படமெடுத்துப் பார்க்கச் சொன்னார்கள் எஞ்சினியர்கள், மேலிடம் இசையவில்லை. மீண்டும் ஏழு உயிர்கள். கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லாவும் அதில்!

பதவி கண்டு பணிவான் மனிதன், பணியாது இயந்திரம்! எச்சரிப்பவன் வாயை அடைக்கலாம். விரிசலின் வாயை அடைக்க எந்த அதிகாரத்தால் முடியும்?