புண்பட்டோர்க்குச் சுற்றத்தார் யாவர்?

பண்டைத் தமிழ்ப் புலவர் போரின் வெற்றியை மாத்திரம் பாடி அமைந்தாரல்லர். போர் ஓய்ந்த பின்னர் நிகழ்வனவற்றையும் கண்டு பாடினர். புறநானூற்றில் அரிசில் கிழார் பாட்டொன்று புண்பட்ட வீரன் கிடக்கும் மனையைக் காட்டுகின்றது. ஆண்டு இரவமரத் தழையும் வேப்பந்தழையும் செருகப்பட்டுள்ளன, வெண்சிறுகடுகு தூவப்படுகின்றது, நறும்புகை எழுகின்றது, யாழும் குழலும் ஒலிக்க, காஞ்சிப் பண் பாடிச் சுற்றத்தார் காவலிருக்கின்றனர். தொல்காப்பியரோ இதற்கு மறுதலையான நிலையொன்றைப் புறத்திணையியலில் துறையாக வகுத்தனர். காப்பதற்குச் சுற்றத்தார் ஒருவருமின்றிக் களத்தில் கிடக்கும் புண்ணோனைப் பேயே ஓம்பி நிற்பதாகிய துறை அது. அதற்குப் பேய்ப்பக்கம் என்று பெயர்.

இவ்விருவருள் முன்னவனுக்கு வேண்டுவது அன்பு; அஃது அவன் மனையிலேயே உண்டு. பின்னவனுக்கு வேண்டுவது யாது? பேயன்றி வேறு துணையில்லாத அவனிடத்து மனிதன் ஒருவன் சென்று சேர்தலே தர்மம் என்பது எமது கருத்து. 'எனக்குப் பிறன் யார்?' என்று வினாவிய நியாயசாஸ்திரிக்கு நம் ஆண்டவர் நல்ல சமாரியன் உவமையால் விடை பகர்ந்ததும் இதுவேயன்றோ? குத்துயிராய்க் கிடந்தவனுக்குச் சுற்றமாய் நின்றவன் அவன் இனத்தானல்லன், அயலான். யுத்தகாலத்துக் கிறிஸ்தவ தருமப்பணி அனைத்தும் இவ்வொரு கொள்கையின்மேல் நிற்பது. அஃது எவ்வாறு நடைபெறுகின்றது, எங்கே தழைக்கின்றது, எங்கே இடறுகின்றது என்பவற்றை ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

1859ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் இத்தாலி தேசத்துச் சோல்பெரினோ என்னுமிடத்தில் பிரெஞ்சு, சார்தீனியப் படைகள் ஒருபுறமும் ஆஸ்திரியப் படை மறுபுறமுமாகப் பொருதன. வேறொரு காரியமாக அவ்வழி வந்த ஹென்றி டூனான் என்னும் ஜெனீவா நகரத்து இளைஞர், புண்பட்டோர் ஆயிரக்கணக்கில் பேணுவாரின்றிக் கிடப்பதைக் கண்டார். இவர் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தைத் தம் ஊரில் தோற்றுவித்தோருள் ஒருவர். அருகிலிருந்த காஸ்திலியோனே ஊர்ப் பெண்டிரைத் திரட்டி, அங்குள்ள பெரிய தேவாலயத்தையே மருத்துவசாலையாக்கினார். நம்மவன், மாற்றான் என்னும் வேற்றுமை பாராது அப்பெண்டிர் யாவர்க்கும் நீர் வார்த்துப் புண் கட்டினர். தாம் கண்டதை டூனான் 1862இல் நூலாக வெளியிட, அதன் பயனாக 1863இல் செஞ்சிலுவை இயக்கம் பிறந்தது. 1864இல் முதலாம் ஜெனீவா உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. சமாதானத்திற்குரிய முதல் நோபெல் பரிசு 1901இல் வழங்கப்பட்டபோது அதனைப் பெற்ற இருவருள் அவரும் ஒருவர்.

செஞ்சிலுவைக் குறியைக் கிறிஸ்து மதக் குறியென்று கருதுவார் பலர். அது பொருந்தாது. அது சுவிட்சர்லாந்து நாட்டுக் கொடியின் நிறங்களை மாற்றியமைத்தது. செம்பிறையும் அதற்கு ஒத்த மதிப்புடையது. இக்குறி தாங்கிய மருத்துவசாலையையும் வண்டியையும் தாக்கலாகாது என்பதே அதன் பொருள். ஆதலின் அதனைக் கண்டவாறு வழங்குதல் கூடாது. நம் நாட்டில் 1960ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தடுக்கின்றது. குறிக்கு உள்ள வலிமை மதிலின் வலிமையன்று, நம்பிக்கையின் வலிமை. மருத்துவசாலைக்குள் ஆயுதம் புகுந்தாலும், பகைவனுக்கு மருந்து மறுக்கப்பட்டாலும் அந்நம்பிக்கை உடைந்துபோம். பக்கம் சாராமை ஓர் உயர்ந்த குணம் மட்டுமன்று. அதுவே மருத்துவசாலையின் கவசமுமாம். புண்பட்டோரை வரிசைப்படுத்தும்போது பட்டம், இனம், கட்சி ஒன்றையும் நோக்காது, எவர் உயிர் முதலில் போகும் என்பதை மட்டுமே மருத்துவர் நோக்குவதும் இது பற்றியே.

இனி, இக்கொள்கை தமிழ் மக்களிடையே சோதிக்கப்பட்ட வரலாற்றைக் காண்போம். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனைச் சார்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் மருத்துவர் 1847இல் வந்திறங்கினார். மானிப்பாயில் மருத்துவசாலையும் மருத்துவக் கல்வியும் நிறுவினார். அயல்நாட்டார் என்றும் இருந்து வைத்தியம் பார்த்தல் இயலாது என்பதை உணர்ந்து, தமிழ் இளைஞர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். இதன்பொருட்டு ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அவற்றுள் 'இரண வைத்தியம்' என்பது 1867இல் வெளிவந்தது. இரணம் என்பது புண். உடற்கூற்றுக்கும் நோய்க்கும் மருந்துக்கும் தமிழ்ச் சொல் தேடி அவர் உழைத்த உழைப்பைத் தமிழ் பயிலும் எம்மனோர் மறத்தல் தகாது. நோவு எங்கேயென்று நோயாளி தன் மொழியில் கூற, மருத்துவன் அம்மொழியிலேயே விடை கூறுதலினும் பெரிய தருமம் உண்டோ? அவரால் பயிற்சி பெற்றோர் அறுபதுக்கு மேற்பட்டோர்.

ஒரு நூற்றாண்டு கழிந்து அந்நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1987ஆம் ஆண்டு அக்டோபர் 21, 22ஆம் நாட்களில், நம் நாட்டு அமைதிப்படை யாழ்ப்பாண நகருட் புகுந்தபோது, அங்குள்ள பெரிய அரசாங்க மருத்துவசாலையில் மருத்துவரும் தாதியரும் நோயாளரும் கொல்லப்பட்டனர். குழந்தை மருத்துவராகிய சிவபாதசுந்தரம் அவருள் ஒருவர். இதனை எழுதுங்கால் எம் மனம் கூசுகின்றது. ஆயினும் பிறர் பிழையை மட்டும் கூறி நம்மவர் காலத்து நிகழ்ந்ததை மறைப்பது பக்கம் சாராமையைப் பேசுவோர்க்கு அடாது. 1990இல் அதே மருத்துவசாலையைச் சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கம் தன் பாதுகாப்பின்கீழ்க் கொண்டு, அதனைச் சுற்றிப் போர் புகலாகாத எல்லையொன்றை வகுத்தது. இருதிறத்தாரும் இசைந்தாலன்றி நிற்காத அவ்வெல்லைக்குள்ளே பிரசவமும் அறுவையும் நடைபெற்றன.

மன்னார்ப் பகுதிக் காட்டினுள் மடு மாதா திருத்தலம் உள்ளது. ஒல்லாந்தர் காலத்துத் துன்புறுத்தலுக்கு அஞ்சிய கத்தோலிக்கர் மாதாவின் திருவுருவத்தை மாந்தையினின்று எடுத்துச் சென்று வைத்த இடம் என்பது அதன் வரலாறு. அகதிகளால் பிறந்த அத்தலம் 1990 முதல் மீண்டும் அகதிகளின் அடைக்கலமாயிற்று. ஆயிரக்கணக்கானோர் அங்கே குடிசை கட்டி வாழ்ந்தனர். தமிழரும் சிங்களவரும் ஒருங்கே வழிபடும் இடமாதலின் எத்திறத்தாரும் அதனைத் தொடார் என்று மக்கள் நம்பினர். அந்நம்பிக்கையும் 1999 நவம்பரில் எறிகணை வீழ்ந்து, ஆலயத்தில் ஒதுங்கியிருந்தோர் பலர் மாண்டபோது பிளவுண்டது. குறி இருந்தும் மதிப்பில்லாவிடில் கோயிலும் காவாது.

போரின் இறுதிக்கட்டம் இதனினும் கொடிது. 2008 செப்டம்பரில் அயல்நாட்டுத் தொண்டு நிறுவனங்கள் பல வன்னியைவிட்டு வெளியேற நேர்ந்தது. அப்பொழுதும் அகலாது நின்றோர், அரசாங்கத் தமிழ் மருத்துவர் சிலரும், தம் மக்களைவிட்டுப் பிரியமாட்டோம் என்றிருந்த குருமாரும் கன்னியரும் ஆவர். உள்ளூர்க் கைகளைப் பயிற்றுதல் வேண்டுமென்று கிறீன் கொண்ட கருத்தின் உண்மை இதனால் விளங்கும். புதுக்குடியிருப்பு மருத்துவசாலை 2009 பிப்ரவரியில் தாக்கப்பட்டது. பின்னர்ப் பள்ளிக்கூடங்களே மருத்துவசாலைகளாயின. பிப்ரவரி முதல் மே மாதத் தொடக்கம் வரை செஞ்சிலுவைச் சங்கத்தார் கப்பல் வழியாக நோயாளரும் உடனிருந்தோருமாக ஏறக்குறைய 14,000 பேரை வெளியேற்றினர். புல்மோட்டையில் இந்திய மருத்துவக் குழுவொன்றும் மருத்துவசாலை அமைத்து அவர்க்குச் சிகிச்சை செய்தது.

கடல் கடந்து நம் நாடு வந்தோர் நிலை யாது? இயேசு சபையினரின் அகதிகள் பணி 1980இல் பெத்ரோ அருப்பே என்னும் பெரியாரால் தொடங்கப்பெற்றது; தமிழ்நாட்டு முகாம்களில் பிள்ளைகளின் கல்விக்கு அது துணை நின்றது. இனி, பென்னலூராராகிய யாம் ஒன்று கூறாமல் இருத்தலாகாது. 1991ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் எம் ஊர்க்கு அணித்தாகிய ஸ்ரீபெரும்புதூரில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி கொலையுண்டார். உடனிருந்தோர் பலரும் மாண்டனர். அத்துயரம் நீதியான துயரம். ஆயினும் அதன்பின் ஒரு குற்றமும் அறியாத அகதிகள்மீதும் ஐயத்தின் நிழல் படர்ந்தது. சிலர் செய்த கொடுமைக்குப் பலரை வெறுத்தல் எளிது. பலருள் ஒருவனாய்க் கிடக்கும் புண்ணோனை இனங்காணுதல் அரிது. அரியதைச் செய்வதற்கே தர்மம் என்று பெயர். 2021இல் அம்முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று அரசாங்கம் பெயர் மாற்றியது. பெயரினும் வாழ்வு மாறுதல் வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. மருந்தைக் கொடுத்து மதத்தை வாங்குதல் வாணிகமேயன்றித் தர்மமன்று. சமாரியன் சத்திரக்காரனிடம் பணம் கொடுத்துச் சென்றானேயன்றிக் காயமுற்றவனிடம் ஒன்றும் கேட்டானல்லன். கிறிஸ்தவ ஊழியர் இதனை மறந்தவிடத்து ஐயம் பிறந்தது. நினைந்தவிடத்து எல்லா மதத்தாரும் அவர்களுடன் தோள் கொடுத்தனர்.

போர் எமக்குத் தொலைவிலுள்ளது என்று வாளாவிருத்தல் வேண்டா. பென்னலூரைச் சூழ்ந்த தொழிற்சாலைகளில் வடநாட்டினின்றும் வந்து உழைப்போர் பலர். அவருள் ஒருவர் கை நசுங்கிக் கிடக்கும் பொழுது அவர் சுற்றம் ஆயிரம் கல்லுக்கப்பால் உள்ளது. முதலுதவி கற்றல், இரத்ததானம் செய்தல், மருத்துவசாலையில் மொழி அறியாதார்க்கு வாய்மொழியாய் நிற்றல் ஆகிய இவை மாணவராகிய எம்மால் இயல்வன. அமைதிக்காலத்தில் அயலானுக்குச் சுற்றமாகப் பழகாதவன், போர்க்காலத்தில் திடீரெனப் பழகுதல் இயலாது. ஆதலின் அப்பழக்கத்தை இன்றே தொடங்குவோமாக.